சுமை இறக்கிய யாளி

யாளி என்றொரு விலங்கு இந்த மண்ணில் பிறந்ததில்லை. சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும், பிதுங்கிய கண்களும், சில இடங்களில் ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட கொம்பும் கொண்டு, யானையையே காலடியில் போட்டு நிற்கும் இந்தப் பிராணி முழுக்க முழுக்க மனிதர்கள் கற்பித்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் இதைப்போல வேலை வாங்கப்பட்ட விலங்கு வேறில்லை என்றே சொல்லலாம். மாடு உழுதது, யானை மரம் இழுத்தது. யாளியோ அரசனைப் புகழப் பயன்பட்டது, கூரைக்கல்லை ஏந்தும் தூணுக்குத் துணை நின்றது, படியேறுகிறவர்களுக்குக் கைப்பிடியானது, சாமியைத் தூக்கியது, வீணைக்கு முகம் கொடுத்தது, காஞ்சிபுரம் பட்டின் கரையில் வரிசை கட்டி நடந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு ஊழியம். அந்த ஊழியத்தில் இன்று மிச்சம் எவ்வளவு?

முதல் வேலை பாட்டில்தான் கிடைத்தது. சங்கப் பாடல்களில் அதற்கு ஆளி என்று பெயர். அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் புலி நடுங்கும்படி பாய்ந்துவரும் ஆளி, யானையின் புள்ளி முகத்தில் அறைந்து வெள்ளைக் கொம்பைப் பிடுங்கி எடுக்கிறது. தலைவியைப் பார்க்கத் தலைவன் இரவில் மலைவழியே வருகிறானே, அந்த வழி எப்படிப்பட்டது என்று சொல்லத்தான் இந்த ஆளி. பொருநராற்றுப்படை அதை அரண்மனை வேலைக்கு எடுத்துக்கொண்டது. கரிகாலன் இளவயதிலேயே வெண்ணியில் இரு பெரும் வேந்தர்களை வென்றதைச் சொல்ல வந்த புலவர், தாய்ப்பால் மறக்காத ஆளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதை உவமையாக்குகிறார். புலியைச் சொன்னால் கேட்பவனுக்குப் புலியைத் தெரியும். அதன் அளவும் தெரியும். அளவுக்கு அடங்காத வீரத்தைச் சொல்ல, யாரும் அளந்து பார்க்க முடியாத ஒரு பிராணி தேவைப்பட்டது. காட்டில் இல்லாததுதான் அதன் பெரிய தகுதி.

பாட்டிலிருந்து கல்லுக்கு வந்தது பல்லவர் காலத்தில். மாமல்லபுரத்துக் குடைவரைகளில் தூணின் அடியில் சப்பணமிடாத குறையாகச் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் எது சிங்கம், எது யாளி என்று பிரிப்பது ஆராய்ச்சியாளர்களுக்கே தலைவலி. செதுக்கியவர்களுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அங்கிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் சாளுவன்குப்பம். கடற்கரை மணலில் தனியாகக் கிடக்கும் ஒரு பாறை. நடுவில் சிறிய மாடம், அதைச் சுற்றி மாலை கட்டியதுபோல யாளித் தலைகள். ஊர் அதைப் புலிக்குகை என்றுதான் கூப்பிடுகிறது.

சோழர் அதை அடித்தளத்துக்கு இறக்கினார்கள். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தைச் சுற்றிவந்தால் யாளிகள் வரிசையாக ஓடுவதைப் பார்க்கலாம். சிற்பிகள் இதை யாளி வரி என்பார்கள். ஒவ்வொரு யாளிக்கும் உடம்பு முழுதாகக் கிடையாது. தலையும் மார்பும்தான் வெளியே, மிச்சம் கட்டடத்துக்குள். அவ்வளவு பெரிய விமானத்தின் கீழே இத்தனை யாளிகள் படுத்துச் சுமப்பதாக ஒரு பாவனை. வாசல் படிகளின் இருபக்கமும் துதிக்கை சுருண்டு இறங்கிப் பிடிச்சுவராகும் சுருள்யாளி இன்னொரு வேலை. வெயிலில் பிராகாரம் சுற்றிவிட்டுப் படி ஏறுகிற பாட்டிமார்களின் கைபட்டு அதன் துதிக்கை பல கோயில்களில் எண்ணெய் பூசியதுபோல மினுங்குகிறது.

ஆனால் யாளி முழு உயரத்துக்கு எழுந்து நின்றது விஜயநகர, நாயக்கர் காலங்களில். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அலங்காரம் என்று நாம் நினைப்பதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

கருங்கல் நசுங்காது, ஆனால் வளைத்தால் ஒடியும். இரண்டு தூணுக்கு நடுவே ஒரு கல் உத்தரத்தைப் படுக்கப்போட்டால், குறிப்பிட்ட நீளத்துக்குமேல் அது தன் எடையாலேயே விரிசல் விடும். அதனால்தான் நம் மண்டபங்களில் தூண்கள் அத்தனை நெருக்கமாக நிற்கின்றன. நாயக்கர் காலத்திலோ திருவிழா பெரிதாகிவிட்டது. சாமி வீதிக்கும் மண்டபத்துக்கும் அடிக்கடி எழுந்தருள்கிறார். பல்லக்கும் குடையும் தீவட்டியும் கூட்டமும் நடுவழியில் போக வேண்டும். நடுவழி அகலமாக வேண்டும், கல்லும் ஒடியக் கூடாது. சிற்பிகள் கண்ட வழி: தூணின் முன்பக்கம் அதே கல்லிலேயே யாளியை எழுப்பி, அதன் தலைக்குமேல் போதிகையை, அதாவது உத்தரத்தைத் தாங்கும் தலைக்கல்லை, வழிப்பக்கமாக வெளியே நீட்டுவது. இரண்டு பக்கத்திலிருந்தும் போதிகைகள் படிப்படியாக நீண்டுவந்தால், மேலே கூரைக்கல் தாண்ட வேண்டிய இடைவெளி குறைந்துவிடும். கீழே வழி மட்டும் அகலமாகவே இருக்கும். சுமையின் பெரும்பங்கு பின்னால் நிற்கும் தூண் வழியாகத்தான் இறங்குகிறது. ஆனால் அந்தத் தூணை முன்னால் அகலப்படுத்தி, போதிகைக்குத் தோள் கொடுப்பது யாளியின் உடம்பு. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தின் நடுவழியில் நடந்துபோனால் இருபக்கமும் யாளிகள் அணிவகுப்பது பயமுறுத்துவதற்காக என்று தோன்றும். அண்ணாந்து பார்த்தால் உத்தியோகம் புரியும்.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம், நெல்லைக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரம், துங்கபத்திரைக் கரையில் ஹம்பியின் விட்டலர் கோயில் என்று இந்த எழுந்த யாளிகளின் நாடு பரந்தது. சிலவற்றின் வாயில் ஒரு கல் உருண்டை இருக்கும். விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. பல்லுக்கு நடுவில் உள்ள இடைவெளி வழியே உளியை விட்டு, உள்ளேயே உருண்டையைக் குடைந்து, கடைசியில் ஒட்டை அறுத்துவிடுவது அதன் இரகசியம். கடைசித் தட்டில் பல் ஒன்று போனால் மாதக்கணக்கான வேலை போச்சு. இந்த உருண்டையால் கட்டடத்துக்கு ஒரு பயனும் இல்லை. உளி பிடித்தவன் தன் கைத்திறனைக் காட்ட வைத்த கையெழுத்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி இன்றைக்கு வரலாம்.

சிமெண்டும் கம்பியும் வந்தபிறகு இடைவெளி ஒரு பிரச்சினையே இல்லை. வளைவில் ஒடிவதுதான் கல்லின் குறை. அந்த வளைவு இழுவையை இரும்புக் கம்பி வாங்கிக்கொள்கிறது. ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் கல்யாண மண்டபத்தை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் கட்டலாம். ஆகவே யாளிக்கு அங்கே வேலை போய்விட்டது. ஆனால் ஆளை வீட்டுக்கு அனுப்பவில்லை. கான்கிரீட் தூண் காய்ந்த பிறகு, அதன்மேல் கம்பி வலை சுற்றி, சிமெண்டை அப்பி யாளியை ஒட்டவைக்கிறார்கள். நீல உடம்பு, சிவப்பு நாக்கு, வெள்ளைப் பல், எனாமல் பளபளப்பு. முன்பெல்லாம் கோபுரத்துச் சுதைக்குச் சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைப்பார்கள். அது மெதுவாக இறுகும். திருத்த நேரம் கொடுக்கும். சிமெண்டு அவசரக்காரன். அந்த அவசரம் யாளியின் முகத்திலேயே தெரிகிறது. எல்லா முகமும் ஒரே அச்சில் இளிக்கின்றன. கல்யாண வாசல்களில் நிற்கும் பைபர் யாளிக்கு அந்தச் சிமெண்டுகூடக் கிடையாது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதை டெம்போவில் ஏற்றிவிடுகிறார்கள். எடையைத் தாங்கப் படைக்கப்பட்ட பிராணிக்கு எடையே இல்லாமல் போனது.

மாமல்லபுரத்துச் சிற்பத் தெருக்களில் கல் இன்னும் செதுக்கப்படுகிறது. 1957இல் அங்கே தொடங்கிய அரசுக் கல்லூரியில் படித்தவர்களும், அப்பாவிடம் கற்றவர்களும் பக்கத்துப் பக்கத்துப் பட்டறைகளில் இருக்கிறார்கள். அன்று ஊருக்குள் நுழையும்போதே உளிச் சத்தம் கேட்கும். இன்று அதை அமுக்கிக்கொண்டு கட்டர் மிஷின் இரைகிறது. பெரும்பகுதியை மிஷின் அறுத்துத் தள்ள, கண், பல், பிடரி மயிர் மட்டும் உளிக்கு. மாதக்கணக்கு வேலை வாரக்கணக்கில் முடிகிறது, கூலியும் கட்டுப்படியாகிறது. விலை வேறு வழியில் கொடுக்கப்படுகிறது: கருங்கல் தூசு நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது. உளியில் பறக்கும் சில்லு பெரிது, கீழே விழும். கட்டரில் பறப்பது மாவு. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்துவிட்டு, பழைய முறையே உயர்ந்தது என்று வசனம் பேச எனக்கு வாய் வரவில்லை. பழைய முறைக்கு யாரும் கூலி கொடுக்கத் தயாரில்லை.

பழைய யாளிகளையே சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாமல் இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். குடமுழுக்குக்குச் சுத்தம் செய்கிறோம் என்று அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு பிடரிச் சுருளையும் நகக் கீறலையும் சேர்த்து உரித்த காலம் ஒன்று இருந்தது. பிறகுதான் மணல் வீச்சுக்குத் தடை வந்தது. உரித்தது உரித்ததுதான்.

மதுரைப் புதுமண்டபத்தின் கதை தனி. திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் வசந்த உற்சவத்துக்காக, மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே கட்டினார். முகப்பில் குதிரைகளும் யாளிகளும் முன்னங்காலைத் தூக்கி நிற்கும். காலப்போக்கில் அது கடைவீதி ஆனது. பாத்திரம், வளையல், புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தையல். யாளியின் காலடியில் மிஷினைப் போட்டுத் தையற்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சித்திரை வந்துவிட்டால் அழகருக்கு நேர்ந்துகொண்டு திரி எடுப்பவர்களுக்கும் தண்ணீர் பீய்ச்சுபவர்களுக்கும் வேண்டிய பளபளக்கும் உடுப்புகள் அங்கேதான் தயாராகும். தைத்துக் கொடுத்தவர்களில் இஸ்லாமியர் பலர். யாளி அப்போது கடைக்கு அடையாளமாகவும் நின்றது: இந்த யாளிக்கு அடுத்த கடை, அந்தக் குதிரைக்குப் பின்னால் இருக்கும் கடை என்றால் போதும்.

2018 பிப்ரவரியில் மீனாட்சி கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. கடைகள் எரிந்தன, சூட்டில் கல் வெடித்துத் தூண்கள் நொறுங்கின, கூரை சரிந்தது. கல் எரியாது என்ற நம்பிக்கையோடு தூணுக்குத் தூண் துணியும் காகிதமும் பிளாஸ்டிக்கும் அடுக்கிய நமக்கு அது போதுமான பாடம். எரிந்ததைத் திரும்பக் கட்ட அதே தரத்தில் கல் தேடி நாமக்கல் பக்கம் போக வேண்டியிருந்தது. நாயக்கர் சில ஆண்டுகளில் எழுப்பியதுபோன்ற மண்டபத்தில் சில தூண்களை மாற்றவே நமக்கு ஆண்டுக்கணக்கில் பிடிக்கிறது. கல் வேண்டும், அந்த அளவில் செதுக்கும் கை வேண்டும், ஒப்பந்தப் புள்ளியும் வேண்டும். புதுமண்டபத்துக் கடைகளும் பின்னர் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. செய்தது சரி. ஆனால் நாயக்கர் அந்த மண்டபத்தைக் கட்டியதும் கூட்டத்துக்காகத்தான். காலியான மண்டபத்தில் யாளி பார்வைப் பொருளாக நிற்பதையும், தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே நிற்பதையும் ஒப்பிட்டால், இரண்டாவதில்தான் அது தன் பழைய தொழிலுக்குப் பக்கத்தில் இருந்தது என்று நினைக்கிறேன். பாதுகாப்பு அதிகாரிகள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வேலை போகாத இடங்களும் உண்டு. வீணை அதில் முதன்மை. தஞ்சாவூர் வீணையின் தண்டி முடிந்து கீழ்நோக்கி வளையும் இடத்தில் யாளி முகம். ரகுநாத நாயக்கர் காலத்தில் இருபத்துநான்கு மெட்டுகளோடு வீணை இன்றைய வடிவுக்கு வந்தது என்பது வழக்கு. பலாமரம், பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா. குடத்திலிருந்து யாளிவரை ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. அதற்குத் தனி மதிப்பு. சாதாரண வீணைக்கு யாளியைத் தனியாகச் செதுக்கி ஒட்டுவார்கள். ஓசைக்கு யாளியால் பயன் இல்லை. ஆனால் அது இல்லாத வீணையை யாரும் வீணை என்று வாங்க மாட்டார்கள்.

இங்கேயும் மாற்றங்கள் நுழைந்திருக்கின்றன. அன்று வீணையின் உடலில் யானைத் தந்தம் பதித்தார்கள். பாட்டில் யானைக்கொம்பைப் பிடுங்கிய ஆளிக்கு, அதே கொம்பால் அலங்காரம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இறுகிய பிறகு அந்த இடத்தைப் பிளாஸ்டிக் எடுத்துக்கொண்டது. தண்டிக்குக் கீழே யாளிப் பக்கம் தாங்கும் சுரைக்குடுக்கை பைபர் ஆனது. வெளிநாட்டுக் கச்சேரிக்கு விமானத்தில் எடுத்துப்போகக் கழற்றி மாட்டும் வீணைகள் வந்திருக்கின்றன. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சான்றிதழில் சேர்ந்த பெருமை, தஞ்சாவூரில் மரத்தூசிக்கு நடுவே உட்கார்ந்து யாளிக்குப் பல் வெட்டுகிறவரின் கூலியில் எவ்வளவு சேர்ந்தது என்பது வேறு கேள்வி.

திருவிழாவிலும் அதற்கு இன்னும் ஆள்பலம் இருக்கிறது. மதுரைச் சித்திரைத் திருவிழாவின் ஏழாம் நாள் இரவு, சுவாமி நந்திகேசுவர வாகனத்திலும் அம்மன் யாளி வாகனத்திலும் மாசி வீதிகளைச் சுற்றி வருகிறார்கள். அம்மனைச் சுமப்பதாக அது பாவனை செய்ய, அதையும் சேர்த்துச் சுமப்பது சீர்பாதம் தாங்கிகளின் தோள்.

இதற்கிடையில் யாளிக்குப் புதிதாக ஓர் உத்தியோகம் வந்திருக்கிறது: மர்மம். கைபேசியைத் திறந்தால், யாளி உண்மையில் வாழ்ந்தது, டைனோசருக்கு உறவு, இதை மறைக்கிறார்கள் என்று அடித்தொண்டையில் ஒரு குரல். பின்னணியில் இடி. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். மனிதன் என்று சொல்லத்தக்க நம் இனத்துக்கு வயது மூன்று லட்சம் ஆண்டுகள் அளவுதான். இருவரும் சந்திக்க வழியே இல்லை. கீழடியில் தோண்டியபோது மாடு, எருமை, ஆடு, மான் எலும்புகள் கிடைத்தன. யாளியின் பல் ஒன்றுகூட இல்லை. இந்தக் காணொளிகளில் எனக்குக் கோபம் வருவது பொய்க்காக மட்டும் இல்லை. பார்த்ததை அப்படியே செதுக்கினான் என்று சொல்லும்போது, இல்லாத ஒன்றை எலும்பு, சதை, நகம், திமிர் எல்லாவற்றோடும் கற்பித்து நிறுத்திய சிற்பியின் மூளையைப் பறித்துவிடுகிறோம். அவனைப் புகைப்படக்காரன் ஆக்கிவிடுகிறோம்.

நிஜமான பேருயிர் வேண்டுமென்றால் அரியலூருக்குப் போகலாம். அங்கே கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980களில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் ஒரு டைனோசரை விவரித்தார்கள். பெயர் புருகத்காயோசாரஸ், பேருடல் கொண்டது என்று பொருள். உலகிலேயே மிகப்பெரிய தரை விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. தோண்டிய எலும்புகள் நொறுங்கிப்போனதால் விவாதம் முடிவதாகவும் இல்லை. நம் மண்ணில் நிஜமாகவே நடந்த அந்தப் பூதத்தின் பெயர் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? மனிதர்களுக்கு ஒரு வேலையும் செய்து கொடுக்காத விலங்கு அது. நடக்காத யாளியை மூன்று வயதுக் குழந்தையும் விரல் நீட்டிக் காட்டும்.

கல் யாளிக்கு அதன் பழைய வேலை திரும்பக் கிடைக்கிறதா என்று தேடினால், வழி கடல் தாண்டிப் போகிறது. ஹவாயின் கவாய் தீவில் இறைவன் கோயில் என்றொரு சிவன்கோயில். வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. பெங்களூருக்குப் பக்கத்தில் பட்டறை போட்டு, 1990இலிருந்து மிஷின் படாமல் உளியாலேயே கல்லைச் செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். இங்கிருந்து போன சிற்பிகள் அங்கே தங்கிக் கல்லோடு கல்லைச் சேர்த்தார்கள். 2023இல்தான் குடமுழுக்கு. அந்தத் தூண்களில் சிங்கங்கள் மறுபடியும் எழுந்து நிற்கின்றன. மேலே இருப்பது நிஜமான கல் கூரை, நிஜமான எடை. கோயிலின் அடித்தளம் மட்டும் கான்கிரீட். அதிலும் சிமெண்டின் பெரும்பகுதிக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்து, துருப்பிடித்து வெடிக்கும் என்று கம்பியையே விட்டுவிட்டு, 1999இல் ஊற்றினார்கள். ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.